இந்தக் கடற்கரைக்கு எந்த மவுஸ் தாங்கும்?

திருகோணமலையில் உலோகத்துக்கு ஆயுள் குறைவு. திருக்கடலூர்ப் பக்கம் கடலுக்கு முகம் கொடுத்து நிற்கும் வீடுகளில் யன்னல் கொளுக்கி, சைக்கிள் சங்கிலி, மின்விசிறித் திருகாணி என்று எதைத் தொட்டாலும் கறள். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று வீட்டுக்குள் புகுந்தால் மேசைமேல் விரலை இழுத்துப் பாருங்கள். ஈரமும் உப்பும் கலந்த படலம் ஒன்று ஒட்டும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ஈரம் போய்த் தூசியும் மணலும் வரும். இணையத்தில் மவுஸ் விமர்சனம் எழுதுகிறவர்களோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதிவிடுகிறார்கள். நாலைந்து வாடை கண்ட மவுஸைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். அந்தக் குறையை நானே தீர்க்கலாம் என்று பார்க்கிறேன்.

பகலில் நில அளவையாளர் ஒருவரிடம் காணிப் படம் வரைகிறேன். தபாற்கந்தோர் வீதிப் பக்கம் அலுவலகம். இரவில் விளையாடுகிறேன். இரண்டுக்கும் ஒரே மவுஸ்தான், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்வருகிறேன். ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் கோடு இழுப்பவனுடைய கைக்கும் கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற சுடும் விளையாட்டில் குறி பார்ப்பவனுடைய கைக்கும் தேவை ஒன்றேதான்: மணிக்கணக்காகப் பிடித்தாலும் மணிக்கட்டு வலிக்கக்கூடாது, நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும், அடிக்கடி கேட்கும் விசை விரலுக்கடியில் இருக்க வேண்டும்.

பந்து மவுஸ் காலத்தைக் கண்டவன் நான். நகரத்தில் இணையக் கடைகள் முளைத்த காலத்தில், மவுஸைக் கவிழ்த்து அடி வளையத்தைத் திருகி, பந்தை எடுத்து உள்ளே இருக்கும் இரண்டு உருளைகளில் சுற்றிய அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் விளையாட உட்காருவோம். பந்தைப் பையன்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சில கடைக்காரர்கள் வளையத்தை ஒட்டியே வைத்திருந்தார்கள். அப்படி ஒட்டிய மவுஸில் சுரண்டவும் வழியில்லை. ஒளி மவுஸ் வந்ததும் இந்தத் துன்பம் ஒரேயடியாக ஒழிந்தது. மைக்ரோசொப்ட் 1999இல் கொண்டுவந்த இன்டலிமவுஸ் எக்ஸ்புளோரரின் அடியில் பந்து கிடையாது. சிவப்பு விளக்கும் மிகச் சிறிய ஒரு கமராவும்தான். மேசைப் பரப்பைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் பரப்பு எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் பார்க்கும். இன்றைய மவுஸ்களும் அடிப்படையில் இதையேதான் செய்கின்றன. கமரா கூர்மையானது, கணக்கு வேகமானது, விலை ஏறியது.

எனக்குப் பிடித்த மவுஸ் எது என்று கேட்டால், வடிவத்தைப் பொறுத்தவரை லொஜிடெக்கின் எம்எக்ஸ்518தான். 2005இல் வந்தது. வலக்கைக்காரனுக்கென்றே வளைத்த முதுகு. பெருவிரல் போய் உட்கார ஒரு பள்ளம். அதன் உச்ச வேகம் 1600 டிபிஐ. அந்தக் காலத்தில் அதையே பெரிய எண்ணாகப் பெட்டியில் அச்சிட்டு விற்றார்கள். 2019இல் அதே உடலுக்குள் புதிய உணரியை வைத்து, 16,000 டிபிஐ என்று மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். உடலை மாற்றத் துணியவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் பாவித்தது முதலாவது வகை, அதுவும் ஒருவர் பாவித்து முடித்தது. அதன் முதுகில் பூசிய பளபளப்பு உள்ளங்கை படும் இடத்தில் தேய்ந்து வெறுமையாகியிருந்தது. பிடிக்க அதுவே வசதி.

இந்த டிபிஐ என்ற எண்ணைப் பற்றி ஒரு கணக்கு. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் எத்தனை புள்ளி நகரும் என்பதுதான் அது. என் திரையின் அகலம் 1920 புள்ளி. 800இல் வைத்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகக் கை 2.4 அங்குலம் நகர வேண்டும். 16,000இல் வைத்தால் மூன்று மில்லிமீற்றர் போதும். மூன்று மில்லிமீற்றருக்குள் ஒரு திரை முழுவதையும் அடக்கி, அதற்குள் எதிரியின் தலையை எவன் தேடுவான்? பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லலாம்தான். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர், பிழைக்க வேண்டும். எண்களில் எனக்கு உண்மையில் வித்தியாசம் தெரிந்தது ஒன்றில்தான். சாதாரண யூஎஸ்பி மவுஸ் செக்கனுக்கு 125 முறை, அதாவது எட்டு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, தன் இடத்தைக் கணினிக்கு அறிவிக்கும். விளையாட்டு மவுஸ் 1000 முறை அறிவிக்கும். குறியை வேகமாகத் திருப்பும்போது இந்த மாற்றம் கண்ணுக்கே தெரிகிறது. இப்போது 8000 முறை என்றும் விற்கிறார்கள். என் பழைய கணினியில் அதைப் பூட்டினால் மவுஸுக்குப் பதில் சொல்லியே அது களைத்துவிடும்.

சரி, உப்புக்கு வருவோம். இந்த ஊரில் மவுஸ் சாவது பெரும்பாலும் ஒரே நோயால்தான்: ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகப் பதிவது. விளையாட்டில் ஒரு குண்டுக்குப் பதில் இரண்டு போகும், அது பரவாயில்லை. காணிப் படத்தில் எல்லைக் கோட்டின் ஒரு முனையைக் குறிக்கப் போய், அதே இடத்தில் அடுத்த முனையும் விழுந்துவிடும். என்னிடம் இருந்த பெயர் பெற்ற நிறுவனத்து மவுஸ் ஒன்று இந்த நோயில் விழுந்தபோது, உத்தரவாதக் காலம் இன்னும் இருக்கிறது என்று கொழும்புக்கு அனுப்பினேன். பாவனையால் வந்த சேதம் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பாவிப்பதற்காகத்தானே ஐயா வாங்கினேன்?

அன்றிலிருந்து மவுஸை நானே திறக்கிறேன். திறப்பதில் வித்தை ஒன்றும் இல்லை. அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் வெள்ளைப் பாதங்களைச் சவர அலகால் மெல்லக் கிளப்பினால், அவற்றுக்கடியில் திருகாணிகள் ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றும்போது மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்கும் நாடாக் கம்பியைப் பிய்க்காமல் இருப்பதுதான் முக்கியம். இடது பொத்தானுக்கு நேர் கீழே, சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. தலையில் சிறு குமிழ். அதுதான் நுண்சுவிட்ச். பெட்டியின் பக்கவாட்டுப் பிளவில் அலகை நுழைத்து நெம்பினால் மூடி கழலும். குமிழ் அப்போதே எங்காவது தெறித்துப் போகும், ஆகவே அடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே செப்புத் தகடு ஒன்று. அதன் நடுவில் வளைந்த நாக்கு. நாக்கின் விறைப்புத்தான் தகட்டை மேலே தூக்கி வைத்திருக்கிறது. குமிழை அழுத்தும்போது தகட்டின் நுனி படக்கென்று கீழே போய் ஒரு புள்ளியைத் தொடும். நீங்கள் கேட்கும் ‘கிளிக்’ அந்த ஓசைதான்.

அந்தப் புள்ளியைக் கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் கதை விளங்கும். பளிச்சென்று இருக்க வேண்டிய இடத்தில் மங்கிய கரும்படலம். இந்தச் சுவிட்சுகள் இரண்டு கோடி, ஐந்து கோடி அழுத்தங்கள் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஆனால் மவுஸுக்குள் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. புள்ளியில் படியும் படலத்தை எரித்துத் துடைக்க அதற்கு வலுப் போதாது. இதற்குள் நாக்கின் விறைப்பும் தளர்ந்துவிடும். அழுத்தும்போது தகடு தொட்டு, விட்டு, மறுபடி தொடும். அந்தத் துள்ளலைக் கணினி இரண்டு அழுத்தமாக எண்ணிக்கொள்ளும். மருந்து இதுதான்: சுத்தமான அல்ககோலில் நனைத்த மெல்லிய காகிதத்தைத் தகட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் வைத்து இழுக்க வேண்டும், நாக்கைக் கழற்றி மயிரிழை அளவு நிமிர்த்தித் திரும்பப் பூட்ட வேண்டும். சில மாதம் ஓடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் சோல்டரிங் அயனை எடுத்துப் பழைய சுவிட்சின் மூன்று கால்களையும் கழற்றிப் புதியதை வைக்க வேண்டும். கைல் ஜிஎம் 8.0 என்ற சிவப்புக் குமிழ்ச் சுவிட்சை இரண்டு மவுஸில் வைத்தேன். அழுத்த ஒரு பிடி கூடுதலாக விறைப்பு. அந்த விறைப்பே எனக்குப் பிடித்துவிட்டது. அண்மைக் காலத்தில் ஒளிக்கற்றையை மறித்து வேலை செய்யும் சுவிட்சுகள் வந்திருக்கின்றன. தொட வேண்டிய உலோகமே இல்லாதபடியால் துள்ளலும் இல்லை. எங்கள் கடற்கரைக்கென்றே செய்தது போலத் தோன்றினாலும், கெட்டால் மத்திய வீதியில் மாற்றுச் சுவிட்ச் கிடைக்காது.

இரண்டாவது நோய் ரப்பர். பிடிக்க மிருதுவாக இருக்க வேண்டும் என்று பூசும் மென்பூச்சு, ஈரத்தோடும் வியர்வையோடும் சேர்ந்து சிதைந்து பிசுபிசுக்கும். வாங்கிய அன்று பட்டுப்போல் இருந்தது, இரண்டாம் வருடம் கையில் ஒட்டிக்கொண்டு வரும். நான் இப்போது வெறும் பிளாஸ்டிக் உடம்பு உள்ளதைத்தான் தேடுகிறேன். கடையில் நின்று மவுஸை முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்ப்பதைக் கண்டு கடைப்பையன் சிரிப்பான். வெளியே தெருவில் திரியும் மான் ஒன்று வெறும் அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நிற்கும். இந்த நகரத்தில் அதற்கு இருக்கும் மதிப்புக்கூட எனக்கு இல்லை.

பொத்தான்களின் கதை வேறு. 1964இல் மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டுக்காக மரக்கட்டையில் செய்த முதல் மவுஸில் ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பரில் அவர் சபை முன்னால் செய்து காட்டியபோது மூன்று. 2009இல் ரேசர் நாகா வந்தபோது பெருவிரலுக்கு மட்டும் பன்னிரண்டு. 2012இல் லொஜிடெக் ஜி600 அதற்கும் மேலே போய், மோதிர விரலுக்கடியில் ஒரு பொத்தானை வைத்தது. அதை அழுத்திப் பிடித்தால் பெருவிரலின் பன்னிரண்டும் இரட்டிப்பாகும். இந்தப் பெருங்கூட்ட மவுஸ்கள், நூற்றுக்கணக்கில் மந்திரமும் ஆயுதமும் வைத்து ஆடும் பலபேர் விளையாட்டுகளுக்காகப் பிறந்தவை. கடன் வாங்கிச் சில மாதம் பாவித்தேன். பெருவிரலுக்கு உண்மையில் வசப்பட்டவை முன்வரிசையும் நடுவரிசையில் ஒன்றும்தான். பின்வரிசையை அழுத்தப் பெருவிரலை மடக்கினால் பிடி தளர்ந்து குறி ஆடியது. மென்பொருளில் இருபத்துநான்கு கட்டளைகளையும் அழகாக நிரப்பி வைத்திருந்தேன். விரல் அவற்றில் பெரும்பாலானவற்றை அடையாளமே கண்டுகொள்ளவில்லை.

ஆகவே வேலைக்கும் விளையாட்டுக்கும் என் மேசையில் நின்று நிலைத்தது லொஜிடெக் ஜி502. 2014இல் வந்தது, பதினொரு பொத்தான், எடை கூட்டுவதற்கு 3.6 கிராம் கட்டிகள் ஐந்து. கட்டிகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். வெறும் மவுஸே 121 கிராம். இன்றைய பையன்கள் 63 கிராமுக்கும் குறைந்த சூப்பர்லைட்டைப் பிடித்துவிட்டு இதைத் தூக்கினால் அம்மிக்குழவி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இதன் பெருவிரல் நுனியில் தனியாக ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும் வரை வேகம் குறையும், விட்டால் பழையபடி. தூரத்து எதிரியைக் குறி வைக்கவென்று கொடுத்தது. இரண்டு காணிகளின் மூலைக்கல் ஒட்டினாற்போல் வரும் இடத்தில் நான் அதைத்தான் அழுத்துகிறேன். சுட்டுவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு எஸ்கேப், மற்றதற்கு என்டர். ஓட்டோகாட்டில் வெறும் என்டரை அழுத்தினால் கடைசியாகச் செய்த கட்டளை மறுபடி வரும். அந்த ஒரு பொத்தான் இடக்கையின் வேலையில் பாதியை வாங்கிக்கொண்டது. உருளியின் பூட்டைத் திறந்துவிட்டால் அது தடையில்லாமல் சுழலும். நீண்ட ஆவணங்களைப் புரட்ட இதைப்போல் சுகம் இல்லை.

நிரல் ஏற்றும் மவுஸ் வாங்குகிறவர்கள் பார்க்க மறக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பொத்தான் அமைப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன? சிலவற்றில் கணினியில் இருக்கும் மென்பொருள் ஓடினால்தான் பொத்தான்கள் வேலை செய்யும். சில நிறுவனங்களின் மென்பொருள் முன்பெல்லாம் பயனர் கணக்குத் திறக்காமல் ஓடவும் ஓடாது. ஜி502 போன்றவற்றில் மவுஸுக்குள்ளேயே நினைவகம் உண்டு. வீட்டில் அமைத்து, அலுவலகத்தில் செருகினால் எஸ்கேப் எஸ்கேப்பாகவே இருக்கும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் எங்கள் தெருவில் இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

2022இன் நெருக்கடியில் வயர் இல்லாத மவுஸ் மீதும் மரியாதை வந்தது. பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. டொலர் 200 ரூபாயளவில் இருந்து இரண்டு மாதமளவில் 360 வரை ஏறியதால் புதிய மவுஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. மின்சாரம் வரும் நேரத்தை மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் பங்கு போடும்போது மவுஸுக்கும் மின்னேற்ற வேண்டும் என்றால் எரிச்சல். அப்போது கைகொடுத்தது லொஜிடெக் ஜி305. ஒரே ஒரு பென்டோர்ச் பற்றரி. 250 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் இருந்தது. ஆறே பொத்தான்கள், மினுக்கும் விளக்கு எதுவும் இல்லை. இப்போதும் பையில் கிடக்கிறது.

என் அக்காவின் மகனுக்கு இதெல்லாம் கிழவர் பேச்சு. அவன் ஒருநாள் வந்து மேக்ரோ, அதாவது ஒரு பொத்தானில் பல செயல்களை அடுக்கி வைப்பது, பற்றிக் கேட்டான்:

“மாமா, உங்கள் மவுஸில் மேக்ரோ போடலாம் அல்லவா? சுடும்போது துப்பாக்கி மேலே எகிறுகிறது. சுட்டுக்கொண்டிருக்கும் வரை மவுஸ் தானாகக் கீழே இழுக்கும்படி செய்து தாருங்களேன்.”

“செய்யலாம் மருமகன். பிறகு நீ எதற்கு? மவுஸே விளையாடட்டும், நீ போய்ப் படி.”

“எல்லோரும் போடுகிறார்கள் மாமா.”

“அகப்பட்டவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.”

மேக்ரோ விடயத்தில் கோடு எங்கே என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒரு விசையை இன்னொரு இடத்துக்கு மாற்றி வைப்பது வசதி. கை செய்ய வேண்டிய திறமையைக் கருவி செய்தால் அது களவு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சேற்று நிலம் ஒன்று இருக்கிறது. விசைப்பலகை நிறுவனங்கள் அண்மையில் கொண்டுவந்த வசதி ஒன்றைப் பாருங்கள்: இடப்பக்கம் போகும் விசையை அழுத்தியபடியே வலப்பக்க விசையையும் அழுத்தினால், முதலாவதை விடுவதற்கு முன்பே விசைப்பலகை அதைத் தானாக விட்டுவிடும். ஓடுகிறவன் சட்டென்று நின்று குறி பார்க்க, இரண்டு விரல்களின் நேரத்தைச் சரியாகப் பழக வருடங்கள் ஆகும். இது அதைச் சும்மா கொடுத்துவிடுகிறது. 2024 ஓகஸ்டில், விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் இந்த வகைத் தானியக்கத்தைத் தடை செய்தது. அகப்பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். விற்றவர்கள் விளம்பரம் செய்து விற்ற வசதிக்கு வாங்கியவன் தண்டனை வாங்குகிறான் என்பது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் வால்வ் பக்கமே நிற்கிறேன்.

மருமகனைச் சமாதானப்படுத்த வேறு ஒன்று செய்தோம். ராஸ்பெரி பை பிக்கோ என்று ஒரு சிறு சுற்றுப்பலகை. 2021இல் நான்கு டொலர் விலையில் வந்தது. அதோடு விசைப்பலகைச் சுவிட்சுகள் ஒன்பதை வயரால் இணைத்து, கியூஎம்கே என்ற திறந்த மூல நிரலை ஏற்றினால் சொந்தமாக ஒரு விசைப்பெட்டி. கணினிக்கு அது இன்னொரு விசைப்பலகை மட்டுமே; மென்பொருள் எதுவும் நிறுவத் தேவையில்லை. சுவிட்சுகளை ஈயம் வைக்காமல் செருகிப் பிடுங்கும் குழிகளில் வைத்தோம், வாடை முடிந்ததும் கெட்டதை மட்டும் மாற்றலாம் என்று. ஐந்து விசை எனக்கு: கோடு, நகல், அளவீடு, எழுத்து, சேமி. நான்கு அவனுக்கு.

அவன் இன்னமும் பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6ஐ நண்பர்களோடு ஆடுகிறான். அதில் ஆயுதம் வாங்க பி விசையை அழுத்தி, பிறகு பட்டியலில் எண்களைத் தெரிவு செய்ய வேண்டும். இதை ஒரே விசையில் கட்டிக்கொள்ள விளையாட்டே இடம் கொடுப்பதால் நானும் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டியது அவன் பெட்டியைத் தனியே நோண்டுவதைத்தான். நிரலை மாற்றி ஏற்றியபோது தன்னுடைய விசை ஒன்றை என் கோட்டு விசைக்கு மேலேயே எழுதிவிட்டிருக்கிறான்.

மறுநாள் அலுவலகத்தில் கிண்ணியாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பக்கத்துக் கதிரையில் காணி உறுதியை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லைக் கோடு வரைய என் விசையை அழுத்தி என்டர் கொடுத்தேன். பி42 என்று ஒரு கட்டளை இல்லை, உதவிக்கு எஃப்1 விசையை அழுத்தவும் என்றது ஓட்டோகாட்.

பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “தம்பி, பி42 எங்கள் காணித் துண்டின் இலக்கமா? உறுதியில் அப்படி இல்லையே.”